84 கிலோ, செம்மண் ரோடு, 370 கிராம் ரிம்: வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் சுங்கை சிப்புட் லிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 27, எடை 84 கிலோ. 29 இஞ்ச் ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் வைத்திருக்கிறேன். 2.1 இஞ்ச் டயர், உள்ளே டியூப், விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் காற்றடிப்பேன். ஞாயிறுதோறும் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்டுவேன், மாதம் ஒருமுறை ஈப்போ போய் கிளேடாங் மலையில் ஏறுவேன். எட்டு மாதத்தில் பின் ரிம் மூன்று தடவை அடி வாங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடையில் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள், இப்போது பக்கத்தில் சக்கரக் கம்பியும் உடைய ஆரம்பித்திருக்கிறது. 370 கிராம் எடையில் 28 கம்பித் துளை உள்ள அலுமினிய ரிம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதே விலைக்குப் பெயர் போடாத கார்பன் ரிம்மும் கிடைக்கிறது. தீபாவளி போனஸில் 900 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன். உறுதியாகவும் இருக்க வேண்டும், எடையும் குறைய வேண்டும். எதை வாங்கலாம்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, அந்த 370 கிராம் ரிம்முக்குக் காசு கட்டிவிடாதீர்கள். முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அதில் 28 துளை, உங்கள் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், 32. படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ரிம்மில் எத்தனை துளையோ ஹப்பிலும் அத்தனை துளை இருந்தால்தான் சக்கரம் கட்ட முடியும், இல்லாவிட்டால் ஹப்பையும் சேர்த்து வாங்க வேண்டியதுதான், 900 வெள்ளி அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டாவது காரணத்தை உங்கள் மூன்றாவது படம் சொல்கிறது. ரிம்மில் டயர் கவ்விப் பிடிக்கும் உதடு இருக்கிறது அல்லவா, அது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு உள்ளே மடிந்திருக்கிறது. இப்படி மடிந்தால் அது கல்லோ சிமெண்டுக் கால்வாய் ஓரமோ நேராக அடித்த அடி. டயர் முழுசாக நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் மட்டும் மிஞ்சிய நேரத்தில் விழுந்த அடி. ரிம்மே பலவீனமாக இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் எட்டு போட்ட மாதிரி வளையும், இல்லை நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடும். உங்கள் படத்தில் இரண்டுமே இல்லை. அப்படியானால் குற்றவாளி ரிம் என்று சொல்வதைவிட டயரும் காற்றும் என்று சொல்வதுதான் நியாயம். அந்த டயருக்குக் கீழே 370 கிராம் ரிம்மைப் போட்டால் எட்டு மாதம்கூடத் தாங்காது.

ரிம் ஓரத்தில் 622x19 என்று அச்சடித்திருப்பதும் படத்தில் தெரிகிறது. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 29 இஞ்ச் என்று நாம் சொல்வது அதுதான். 27.5 இஞ்சுக்கு 584, பழைய 26 இஞ்சுக்கு 559. அடுத்த எண் 19 ரிம்மின் உள் அகலம், அதாவது ஒரு உதட்டிலிருந்து மறு உதடு வரை. 19 மில்லிமீட்டர் இன்றைய மலைச் சைக்கிளுக்கு ரொம்பக் குறுகல். குறுகலான ரிம்மில் டயர் பல்பு மாதிரி உப்பி நிற்கும், காற்றைக் குறைத்தால் வளைவில் புரளும். புரளுகிறதே என்று காற்றை ஏற்றினால் செம்மண்ணில் வழுக்கும். நீங்கள் விரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், 2.1 டயர், உள்ளே டியூப். விரலுக்கு 18 பிஎஸ்ஐ காற்றழுத்தமும் தெரியாது, 28 பிஎஸ்ஐயும் தெரியாது, எனக்கும்தான், இத்தனை வருடம் இதே வேலை பார்த்தும். 84 கிலோ ஆள் 18 பிஎஸ்ஐயில் டிராக்டர் தடத்துக்குள் இறங்கி ஏறினால் எந்த ரிம்மும் மடியும்.

சரி, இப்போது எடை விஷயம். அதைத்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கணக்காகவே பார்த்துவிடுவோம். நீங்கள் 84, சைக்கிள் 13, தண்ணீர், சாமான், ஷூ எல்லாம் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. ரிம்மில் 100 கிராம் குறைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. செங்குத்தான ஏற்றத்தில் அரை மணி நேரம் ஏறுகிறீர்கள் என்றால் அது 1,800 நொடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 2 நொடி. சுற்றும் எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்று சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அது வேகம் எடுக்கும்போது மட்டும். ஒரே வேகத்தில் மலை ஏறும்போது ரிம்மில் இருக்கும் 100 கிராமும் உங்கள் வயிற்றில் இருக்கும் 100 கிராமும் ஒன்றுதான். வளைவில் சட்டென்று மிதித்துக் கிளம்பும்போதும், முன்சக்கரத்தைத் தூக்கி வேர் மேல் வைக்கும்போதும் லேசான ரிம் கைக்குத் தெரியும், அதை நான் மறுக்கவில்லை, நானே லேசான முன்சக்கரம்தான் ஓட்டுகிறேன். அந்தச் சுகத்துக்காகப் பின்சக்கரத்தை அடகு வைக்கக்கூடாது என்பதுதான் என் வாதம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. என் அப்பா தோட்டத்தில் சைக்கிள் பழுது பார்த்தவர். ரப்பர்ப் பால் வெட்டுக்காரர்களின் சைக்கிள்தான் அவருக்குப் பாதி வருமானம். விடியற்காலையில் இருட்டோடு கிளம்பி, திரும்பும்போது பின்னால் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு, மேடு பள்ளமான வரிசைப் பாதையில் வருவார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. சிறு பையனாக இருந்தபோது கம்பியை எண்ணிவிட்டு, ஏன் இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பின் கேரியரில் உட்காரச் சொன்னார், அப்புறம் ஹாண்டலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். முன்பக்கம் இறகு மாதிரி வந்தது. உட்கார்ந்து மிதிக்கும்போது பாரத்தில் பாதிக்கு மேல், சில நேரம் 60 சதவீதம்கூட, பின்சக்கரத்தில்தான் விழும். அதுவும் உங்களது ஹார்ட்டெயில், பின்னால் ஸ்பிரிங் கிடையாது. முன்சக்கரத்துக்கு ஃபோர்க் இருக்கிறது, கை இருக்கிறது, நீங்கள் தூக்கிவிடவும் முடியும். பின்சக்கரம் வந்த அடியை அப்படியே வாங்கிக்கொள்ளும். இப்போதெல்லாம் ஜோடியாக ஒரே ரிம்மை விற்கிறார்கள், ஒரே ஸ்டிக்கர் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக நாமும் வாங்குகிறோம். உங்கள் மாதிரி எடையும் ரோடும் உள்ளவர்களுக்கு நான் அப்படிக் கட்டிக் கொடுப்பதில்லை. முன்னால் லேசானது, பின்னால் கனமானது.

எந்த அளவு என்றால், பின்சக்கரத்துக்கு உள் அகலம் 30 மில்லிமீட்டர், 32 துளை, 500 முதல் 600 கிராமுக்குள் இருக்கும் அலுமினிய ரிம். டிடி சுவிஸ் எக்ஸ்எம் 481 இந்த வகையில் நான் அடிக்கடி கட்டுவது, 29 இஞ்சில் 500 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே நிறுவனத்தின் இஎக்ஸ் 511 இன்னும் கனம், 600 கிராமை ஒட்டி, அது பெரிய பாறையில் குதித்து இறங்குபவர்களுக்கு. கிளேடாங்கில் நீங்கள் வேகமாக இறங்குகிறவர் என்றால் அதையே போடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். முன்சக்கரத்துக்கு 25 முதல் 28 மில்லிமீட்டர் உள் அகலத்தில் 450 கிராம் சுற்றியுள்ள ரிம் போதும், ஸ்டான்ஸ் ஆர்ச் மாதிரி. இந்தப் பெயர்கள்தான் வேண்டும் என்று இல்லை. வேறு கம்பெனி ரிம் கிடைத்தாலும் நான் சொல்லும் நாலைந்து விஷயத்தைப் பார்த்து வாங்கலாம்.

ரிம் வளையத்தின் இரண்டு முனையும் சேரும் இடத்தைப் பாருங்கள், வால்வு துளைக்கு நேர் எதிரே இருக்கும். மலிவான ரிம்மில் உள்ளே ஒரு துண்டைச் சொருகி அழுத்தி ஒட்டியிருப்பார்கள், நகத்தால் தடவினால் கோடு தட்டும். நல்ல ரிம்மில் வெல்டிங் வைத்துத் தேய்த்திருப்பார்கள். டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர், போடப் போகிறீர்கள் என்றால் வெல்டிங் வைத்ததே நல்லது, சொருகிய இணைப்பு வழியாகக் காற்றுக் கசிந்து நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் உதடு. கத்தி மாதிரி மெலிந்த உதடு எடையைக் குறைக்கும், ஆனால் கல் அடித்தால் முதலில் மடிவதும் அதுதான், டயரை அறுப்பதும் அதுதான். தடித்து, மழுங்கலாக இருக்கும் உதடு அடியைப் பரப்பி வாங்கும். நிப்பிள் துளைகள் ரிம்மின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் பின்சக்கரத்துக்கு இன்னும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன். பெட்டியிலோ கம்பெனித் தாளிலோ ஏஎஸ்டிஎம் வகை எண் (எவ்வளவு கரடான ஓட்டத்துக்கு என்று சொல்லும் எண்) போட்டிருந்தால் அதையும் பாருங்கள். 3 என்றால் கரடுமுரடான பாதை, சுமார் 61 சென்டிமீட்டர் உயரம் வரை குதிக்கலாம். 4 என்றால் 122 சென்டிமீட்டர் வரை. உங்கள் பின்சக்கரத்துக்கு 4 இருந்தால் நிம்மதி, முன்னால் 3 போதும்.

ரிம்மைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டு போனால் உங்களுக்குப் பாதி விஷயம்தான் சொன்னதாகும். சக்கரத்தின் பலம் ரிம்மில் பாதி, கம்பியில் பாதி. சைக்கிள் கம்பி தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்குவதில்லை, அவ்வளவு மெல்லிய கம்பி நின்றால் வளைந்துவிடும். கட்டும்போதே எல்லாக் கம்பியையும் பலமாக இழுத்து வைக்கிறோம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் உள்ள சில கம்பிகளில் அந்த இழுப்பு கொஞ்சம் குறைகிறது, சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியாக இழுப்புக் குறைந்து திரும்ப ஏறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். கம்பி ஒரே இழுப்பில் அறுவது அபூர்வம், இப்படி ஏறி இறங்கி அலுத்துப்போய்த்தான் ஹப் பக்கத்து வளைவில் உடைகிறது. தொய்வாக இருக்கும் கம்பிதான் அதிகம் அலுக்கும், இறுக்கமான கம்பி அல்ல. நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இப்போது உங்கள் சக்கரத்துக்கு வாருங்கள். ரிம் உள்ளே மடிந்த இடத்தில் கம்பிகள் தொய்ந்துவிடும். கோட்டம் எடுப்பவர் பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவதற்காக அந்த இடத்தில் சில கம்பியை இறுக்கி, எதிர்ப்பக்கம் சிலதைத் தளர்த்தி, கண்ணுக்கு நேராகத் தெரியும்படி செய்து கொடுத்திருப்பார். ஸ்டாண்டில் சுற்றினால் நேராகத்தான் ஓடும். ஆனால் இறுக்கம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். சோதித்துப் பார்க்க மீட்டர் தேவையில்லை. பல்சக்கரப் பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக வீணைத் தந்தி மாதிரி விரலால் சுண்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். அடிபட்ட இடத்துக்கு வந்ததும் ஒன்று கீச்சென்றும் அடுத்தது தொப்பென்றும் கேட்டால், உங்கள் கம்பி ஏன் உடைகிறது என்பதற்கு அதுதான் விடை. மூன்று தடவை அப்படி இழுக்கப்பட்ட ரிம்மை நான்காவது தடவை சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தாலும் நான் செய்ய மாட்டேன். உதடு ஒரு தடவை மடிந்தால், ரப்பர்த் துண்டு வைத்து அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் மெல்லப் பிடித்து நிமிர்த்தலாம். அலுமினியம் வளைந்து நிமிர்ந்த இடத்தில் விறைத்துப் போகும், திரும்ப அதே இடத்தில் அடி விழுந்தால் மடியாமல் பிளக்கும்.

பின்சக்கரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. பல்சக்கரம் உட்கார இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், மறுபக்கம் சாய்ந்து நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் பல்சக்கரப் பக்கம் அதிக இறுக்கம், மறுபக்கம் குறைந்த இறுக்கம். அந்தத் தொய்ந்த பக்கம்தான் எப்போதும் வில்லங்கம், நிப்பிள் தானாகத் தளரும். துளை ஒரு பக்கமாகத் தள்ளிய ரிம் நல்லது என்று சொன்னேனே, அது இந்த வித்தியாசத்தைக் குறைக்கும். பின் ஹப் 148 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதுவும் உதவும், பழைய 142-ஐவிடக் கம்பி மாட்டும் விளிம்புகள் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். உங்களுடையது எது என்று படத்தில் தெரியவில்லை, அளந்து பாருங்கள்.

கம்பி வாங்கும்போது முழுக்க ஒரே தடிமனாக இருக்கும் 2.0 மில்லிமீட்டர் கம்பி வேண்டாம். இரண்டு முனையிலும் 2.0, நடுவில் 1.8 என்று மெலிந்து வரும் கம்பி கேளுங்கள். மெலிந்த கம்பி எப்படிப் பலமாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் அடி விழும்போது பக்கத்துக் கம்பிகளோடு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், வளைவில் அலுப்புக் குறையும். இரண்டு சக்கரத்துக்கும் 64 கம்பி, அதில் மட்டும் 60 கிராம் அளவுக்கு மிச்சம். பலமும் கூடி எடையும் குறையும் இடம் சைக்கிளில் ரொம்பக் குறைவு, இது அதில் ஒன்று, விடாதீர்கள்.

நிப்பிள் மட்டும் பித்தளை. அலுமினிய நிப்பிள் போட்டால் இன்னும் 40 கிராம் குறையும் என்பார்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது சரிப்படாது. டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றும் பால் இருக்கிறதே, பெரும்பாலானவை ரப்பர் பால்தான், பலவற்றில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா கலந்திருக்கும். நம் அப்பா அம்மா காலத்தில் வெட்டின பால் உறையாமலிருக்கக் கலந்தார்களே, அதே அமோனியா. 1877-இல் ரப்பர் கன்றுகள் நட்ட கோலகங்சார் பக்கத்திலேயே இருந்துகொண்டு, அந்தப் பாலை வெளிநாட்டு பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறோம், ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் எனக்குத் தோட்டத்துப் பழைய பால் ஸ்டோர் வாசனைதான் வரும். ரிம்முக்குள் காற்றுப் போகாமல் ஒட்டும் டேப்பின் ஓரத்தில் கசிந்தால் அந்த அமோனியாப் பால் அலுமினிய நிப்பிளை அரித்துப் பொடியாக்கிவிடும். ஒரு தடவை என் சொந்தச் சக்கரத்திலேயே பார்த்தேன். லேசாக வேண்டும் என்று 28 துளை ரிம், அலுமினிய நிப்பிள் வைத்துப் பின்சக்கரம் கட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து, மழை நாளில், ஒரு செம்பனை வரிசைக்குள் நான்கு நிப்பிள் தலை ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தது. சக்கரம் ஃபிரேமில் உரச, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தேன். அதிலிருந்து பித்தளைதான், கேட்பவர்களுக்கும் அதைத்தான் போடுகிறேன்.

பழைய கம்பியையே புது ரிம்மில் போடலாமா என்று கேட்கத் தோன்றும், காசு மிச்சம் என்று. வேண்டாம். கம்பியின் நீளம் ரிம்மின் உள் ஆழத்தைப் பொறுத்தது, ரிம் மாறினால் அதுவும் மாறும், 2 மில்லிமீட்டர் பிசகினாலும் நிப்பிளுக்குள் மரை சரியாகக் கவ்வாது. அதுபோக உங்கள் கம்பிகள் ஏற்கெனவே அலுத்தவை.

கார்பன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல கார்பன் ரிம்மை நான் குறை சொல்ல மாட்டேன், 30 மில்லிமீட்டர் அகலத்தில் 450 கிராம் சுற்றி வரும், விறைப்பாக இருக்கும், வளையாது. வளையாது என்பதாலேயே அடி எல்லை மீறினால் பிளக்கும், நிமிர்த்த முடியாது. உடைந்தால் மாற்றித் தரும் நிறுவனத்திடம் வாங்கினால் சரி. பெயர் போடாத ரிம் உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஒருவர் அப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார், பார்வைக்கு ஒன்றுமில்லை, நாணயத்தால் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில் மட்டும் டிங் என்ற சத்தம் செத்துப்போய்ப் பொத் என்றது. உள்ளே பிரிந்திருந்தது. அவர் அதே சக்கரத்தில் மறுநாள் மலை இறங்கப் போவதாக இருந்தார். 900 வெள்ளியில் பின்சக்கரத்துக்குக் கார்பன் வேண்டாம் தம்பி.

இனி டயர். ரிம் வாங்கும் காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்காவிட்டால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண். பின்னால் 2.35 இஞ்ச் அகலம், பக்கச்சுவர் தடித்த டயர். டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ் ஆக்குங்கள். 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு 33 அல்லது 34 மில்லிமீட்டர் டேப், உதட்டு ஓரம் வரை ஏறி உட்கார வேண்டும், ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசை போன பிறகு இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு டயருக்கு 100 முதல் 120 மில்லி பால். 29 இஞ்ச் டியூப் ஒன்று 200 கிராம் இருக்கும், பால், டேப், வால்வு போகச் சக்கரத்துக்கு 60, 70 கிராம் மிச்சம். எடையைவிட முக்கியம், டியூப் நசுங்கிக் கிழிவது என்ற பேச்சே இல்லை. செம்பனை மட்டை முள் ஏறினால் பால் அடைத்துக்கொள்ளும், தோட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. நம் வெயிலுக்குப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வால்வைக் கழற்றி ஒரு குச்சி விட்டுப் பாருங்கள்.

டிஜிட்டல் காற்று மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பின்னால் 26, முன்னால் 23 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டு வாருங்கள், ரிம் கல்லில் தட்டும் சத்தம் ஒரு தடவை கேட்டாலும் பின்னால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். கேட்கவே இல்லை, வழுக்குகிறது என்றால் 1 இறக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் எண் உங்களுக்குத் தெரிந்துவிடும். டயர் வாங்குமுன் ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அகல ரிம்மில் டயர் இன்னும் கொஞ்சம் விரியும், மழைக்காலச் செம்மண் ஒட்ட பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராவது வேண்டும். இல்லையென்றால் மண் பெயிண்டை அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும்.

இப்போது எடைக் கணக்கைச் சுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாந்தோம் என்று நினைக்கக்கூடாது. உங்களுடையதைப் போன்ற 622x19 ரிம் ஒன்று என் கடைத் தராசில் 560 கிராம் காட்டியது. புது ரிம்களில் பின்னால் 40 கிராம், முன்னால் 100 கிராம் குறையும். கம்பியில் 60, டியூப் போனதில் 130. ஆகமொத்தம் 330 கிராம் குறைகிறது. தடித்த பின் டயர் அதில் 200 கிராமைத் திரும்பக் கேட்கும். கடைசியில் மிஞ்சுவது 130 கிராம், ஆனால் முன்சக்கரம் நன்றாக லேசாகும், ஹாண்டலைத் தூக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

900 வெள்ளிக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் முடியவில்லை என்றால் பின்சக்கரத்தை மட்டும் இப்போது கட்டுங்கள், பின் ரிம், 32 கம்பி, பித்தளை நிப்பிள், டயர், டேப், பால், மீட்டர். முன்சக்கரம் பொங்கலுக்கு ஆகட்டும், அது இன்னும் நேராகத்தான் இருக்கிறது, அவசரமில்லை.

யார் கட்டினாலும் இரண்டு விஷயம் கேளுங்கள். பல்சக்கரப் பக்க இறுக்கம் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலான ரிம்களுக்கு 120 கிலோ விசை வரை தாங்கும், 110 சுற்றி ஒரே சீராக இருந்தால் நல்ல வேலை. மீட்டர் வைத்துப் பார்க்காதவர் என்றால் சுண்டிப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். இரண்டாவது, கட்டி முடித்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துக் கையால் நெருக்கினாரா என்று பாருங்கள். நெருக்கும்போது முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் டிக், டிக் என்று விடுபடும் சத்தம் கேட்கும், அப்புறம் திரும்ப ஒரு தடவை கோட்டம் பார்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் கொடுத்தால் அந்த டிக் டிக் உங்கள் முதல் சவாரியில் கேட்கும், சக்கரமும் அன்றே கோணிவிடும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை, நல்ல கடையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

என்னிடமே கொண்டுவருவதாக இருந்தால் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், காலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் நிறைய இருக்கும். பின்சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தால் போதும், அச்சையும் கூடவே எடுத்துவாருங்கள். பழைய கம்பிகளை வீட்டிலேயே கட்டரால் வெட்டிவிடாதீர்கள், இறுக்கம் ஒரு பக்கமாக விடுபட்டால் ஹப் விளிம்பு கெட்டுப்போகும். அது நல்ல ஹப், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.